வலிப்பு இல்லாதவளுக்கு வலிப்பு மாத்திரை

எனக்கு வலிப்பு வந்ததே இல்லை. பிறந்ததிலிருந்து இன்றுவரை ஒரு தடவைகூட இல்லை. ஆனாலும் ஆரணியில் எங்கள் தெருவில் சில வருஷங்கள் நான் வலிப்புக்காரியாக இருந்தேன். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால், பக்கத்தில் இருக்கிறவள் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தைக் கழற்றி இலைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வாள். வலிப்பு வந்தவர் கையில் இரும்பைத் திணித்தால் நின்றுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. நான் பாயசத்தைக் குடித்துக்கொண்டே அந்தச் சாவியைப் பார்ப்பேன். சில நாள் சிரிப்பு வரும். சில நாள் சாப்பாடு இறங்காது.

எனக்கு இருந்தது மனசில். அது ஏறும், இறங்கும். இறங்கினால் இரண்டு மாதம் தலை சீவ மாட்டேன். தெருவில் யாராவது கதவைத் தட்டினால் நெஞ்சு அடித்துக்கொள்ளும், அடுப்படிக்குள் போய் ஒண்டிக்கொள்வேன். ஏறினால் கேட்கவே வேண்டாம். தூக்கம் வராது, பசிக்காது, வாய் ஓயாது. பத்துப் பெண்கள் செய்கிற வேலையை ஒருத்தியாகச் செய்வேன். அப்போது எல்லோரும் என்னை மெச்சினார்கள். அது வியாதி என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

என் வேலை பாவு பிணைப்பது. தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருக்கும் நூல்தான் பாவு. தறியில் ஒரு பாவு தீரும்போது, பழைய பாவின் நுனியோடு புதுப் பாவை இழை இழையாகச் சேர்க்க வேண்டும். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு பழைய இழையையும் புது இழையையும் சேர்த்து ஒரு முறுக்கு முறுக்கினால் பிடித்துக்கொள்ளும். ஆயிரக்கணக்கான இழை. ஒன்று மாறினாலும் சேலை முழுக்கக் கோடு விழும். மிஞ்சுகிற நுனிகளைக் கத்திரிக்க ஒரு கத்திரிக்கோல் எப்போதும் மடிக்குப் பக்கத்திலேயே இருக்கும். எங்கள் தெருவில் என்னைவிட வேகமாகப் பிணைக்கிறவள் இல்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு ஏற்றத்தின்போது அது நடந்தது. நாலு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. எங்கள் வீட்டுத் தறியில் அரக்குச் சேலை ஒன்று பாதி நெய்திருந்தது. பட்டு எங்களுடையது இல்லை. நாங்கள் கூலிக்கு நெய்கிறவர்கள், பட்டு முதலாளி வீட்டுடையது. அந்தப் பாவைப் பிணைத்தவள் நான். அதில் ஏதோ ஓர் இழையை மாற்றிச் சேர்த்துவிட்டேன், அதைக் கண்டுபிடித்து எடுக்காவிட்டால் ஊரில் யாரோ சாகப்போகிறார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. அப்போது, இது பகல் என்பது எவ்வளவு நிச்சயமோ அவ்வளவு நிச்சயம். என் வீட்டுக்காரர் மத்தியானம் டீ குடிக்கப் போயிருந்தார். நான் கத்திரிக்கோலை எடுத்து இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் பாவை வெட்டினேன்.

அவர் திரும்பி வந்தபோது நான் சிரித்துக்கொண்டிருந்தேனாம். அவர் அடிக்கவில்லை, கத்தவில்லை. என் கையிலிருந்து கத்திரிக்கோலை மெதுவாக வாங்கினார். அதன் பிறகு எங்கள் வீட்டில் கத்திரிக்கோலை நான் வெளியே பார்த்ததில்லை. அவருக்கு வேண்டுமென்றால், "ஒரு குடம் தண்ணி கொண்டாயேன்" என்பார். நான் போய்விட்டு வருவதற்குள் வெட்ட வேண்டியது வெட்டியிருக்கும். எங்கே வைத்திருக்கிறார் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

என்னைக் களம்பூரில் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டார். அங்கே மனசு இறங்கியது. ரைஸ் மில்லின் தவிட்டுத் தூசி கொடியில் காயும் துணியில் படிவதைப் பார்த்துக்கொண்டு ஒரு வெயில் காலம் முழுவதும் கிடந்தேன். ஆரணிக்குத் திரும்பியபோது என்னைப் பாவு பிணைக்கக் கூப்பிட ஆளில்லை. "அவ கை பட்டா பாவு தங்காது" என்று ஒரு பேச்சு வந்துவிட்டது. எங்களுக்குப் பிள்ளை இல்லாததையும் அதோடு முடிச்சுப் போட்டார்கள். இழைக்கு இழை முடிச்சுப் போட எங்கள் ஊருக்குச் சொல்லித்தர வேண்டாம். நான் இழந்தது ஒன்றே ஒன்று, அது போதும்: ஒரு பாவின் முன்னால் என்னை நம்பி உட்காரவைக்க யாரும் இல்லை. வீட்டுக்காரரும் எங்கள் தறிக்கு வேறு ஆளைத்தான் வைத்துப் பிணைத்தார்.

வேலூரில் ஒரு டாக்டர் இருக்கிறார் என்று யாரோ சொல்லி வீட்டுக்காரர்தான் அழைத்துப் போனார். அந்த டாக்டர் முதலில் ஒரு உப்பு மருந்து கொடுத்தார். மனசுக்கு அது கேட்டிருக்குமோ என்னவோ, கை நடுங்கியது. டம்ளரில் தண்ணீர் ததும்பியது. அதற்கு அடிக்கடி வேலூருக்கு வந்து ரத்தம் வேறு கொடுக்க வேண்டும். "கை நடுங்கினா நான் எதுக்குங்க?" என்று அழுதுவிட்டேன். டாக்டர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னொண்ணு இருக்குதும்மா. வலிப்புக்குன்னு வந்த மாத்திரை. உங்களுக்கு வலிப்பு இல்ல. ஆனா இப்பிடி ஏறி எறங்கற மனசுக்கும் இது புடிமானம் குடுக்குதுன்னு சில டாக்டருங்க பாத்திருக்காங்க. அட்டையில உங்க வியாதி பேரு இருக்காது. கேக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். பாக்கலாமா?"

அதுவரை டாக்டர்கள் எனக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், யாரும் கேட்டதில்லை. பார்க்கலாம் என்றேன். கால் மாத்திரையில் ஆரம்பித்து மெல்ல ஏற்ற வேண்டும், வெறும் வயிற்றில் போடக் கூடாது, உடம்பில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் அன்றைக்கே நிறுத்திவிட்டு ஓடிவர வேண்டும் என்றார். முதல் மாதம் தினமும் காலையில் புடவையை விலக்கிக் கைகால் எல்லாம் தேடுவேன். கொசு கடித்தாலும் பயம். மனசின் பயத்துக்குச் சாப்பிடுகிற மாத்திரை எனக்கு இன்னொரு பயத்தைத்தான் முதலில் கொடுத்தது.

ஆரணி மெடிக்கல் கடையில் நாலு பேர் நிற்கும்போது கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு உரக்கக் கேட்டார். "இது ஃபிட்ஸ் மாத்திரையாச்சே, யாருக்கு?" என் வீட்டுக்காரருக்குப் பொய் வராது, நிறையப் பேசவும் வராது. "வூட்ல" என்று மட்டும் சொன்னார். அவ்வளவுதான். அடுப்பில் சோறு வேகிற நேரத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

மூன்றாம் நாள் முதலாளி வீட்டு அக்கா எங்கள் வாசலுக்கே வந்தாள். நான் வெட்டினது அவர்கள் வீட்டுப் பட்டைத்தான். அன்றிலிருந்து என்னோடு பேசாதவள். வந்தவள் என் முகவாயைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினாள்.

"ஏம்மா, உனக்கு வலிப்பாமே? இத்தினி நாளா சொல்லாம வெச்சிகினு இருந்தியே! அன்னிக்குப் பாவ அறுத்தது கூட அதுலதானா? நெனவு இல்லாம செஞ்சிட்டியா?"

நான் அவளைப் பார்த்தேன். நினைவு இருந்தது. கத்திரிக்கோலின் சத்தம்கூட நினைவு இருந்தது. அவள் கை என் முகவாயில் சூடாக இருந்தது. அவ்வளவு நாள் கழித்து ஒரு பெண் என்னைத் தொடுகிறாள்.

"ஆமாங்க்கா" என்றேன்.

"பைத்தியம்னு வாய்க்கு வந்தபடி பேசிகினு இருந்தாங்க. பாவிங்க. வலிப்பு யாருக்கும் வரும், அதுல என்னா? ஜல்தியா ஒடம்பத் தேத்திகினு வா. நம்ம வூட்ல ரெண்டு பாவு நிக்குது."

பொய் சொன்னேன் என்று இன்றைக்கு எழுதுகிறேன். அன்றைக்கு அது பொய் மாதிரி இல்லை, மூடியிருந்த கதவு திறந்த மாதிரி இருந்தது. வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு தறியில் உட்கார்ந்திருந்தார். குறுக்கு நூலை ஓட்டும் நாடாவை வீசுவதை அவர் நிறுத்தவே இல்லை.

வேலை கிடைத்ததும் மாத்திரை தன் குணத்தைக் காட்டியது. அரை மாத்திரை ஒன்றானதும் எனக்கு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. ஒரு இழை இருக்கிற இடத்தில் இரண்டு. பாவு பிணைக்கிறவளுக்கு இதைவிடப் பெரிய சாபம் உண்டா? எது நிஜ இழை என்று விரலால் தொட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. மூன்று தடவை மாற்றிச் சேர்த்து, அக்கா வீட்டாருக்குத் தெரியாமல் பிரித்தேன். இழை மாறிப்போயிற்று என்ற அதே நினைப்பில்தானே முன்பு கத்தரியை எடுத்தேன்? இப்போது மாறியது நிஜம். எனக்கு நிஜத்துக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியுமா? சாம்பல் படிந்த விரல்களை மடியில் வைத்துக்கொண்டு மூச்சை எண்ணினேன். அக்கா வந்து பார்த்தபோது கால் மரத்துவிட்டது என்று சொன்னேன்.

தற்செயலாகத்தான் வழி தெரிந்தது. சாம்பல் தூசி ஒரு கண்ணில் பட்டு அதை மூடினேன். இரண்டு இழை ஒன்றாகிவிட்டது. மறுநாள் பழைய புடவைக் கிழிசலால் இடது கண்ணை மறைத்துக் கட்டிக்கொண்டு போனேன். "இன்னாம்மா, மெட்ராஸ் ஐ-யா?" என்றார்கள். ஆமாம் என்றேன். ஒரு பொய்க்கு மேல் இன்னொன்று. மெட்ராஸ் ஐ ஒரு வாரத்தில் போகும். எனக்குப் போகவில்லை. அப்புறம் நானே கவனித்தேன்: மாத்திரை போட்ட இரண்டு மணி நேரத்தில் அது வருகிறது, வெயில் உச்சிக்கு வரும்போது விலகுகிறது. அதனால் காலையில் இழை பிரித்து வைப்பது, சாம்பல் சலிப்பது போன்ற எடுபிடி வேலையும், பகலுக்குமேல் பிணைப்பதுமாக மாற்றிக்கொண்டேன். நடை மட்டும் சரியாகவில்லை. தெருவில் நேராக நடக்கிறேன் என்று நினைப்பேன், சுவர் வந்து தோளில் இடிக்கும். எங்கள் தெருவில் குடிக்கிற ஆண்கள்கூட என்னைவிட ஒழுங்காக நடந்தார்கள்.

ஒருநாள் அவசரத்தில் வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு போனேன். அக்கா வீட்டில் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்தேன், தரை சாய்ந்தது. விழுந்துவிட்டேன். நினைவு போகவில்லை. எல்லாம் கேட்டது. "சாவி! சாவி! இரும்பக் குடு!" என்று அக்கா அலறினாள். பீரோ சாவிக்கொத்தை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடி, தன் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள். தறிகள் நின்றுவிட்டன. இத்தனை பேர் ஓடி வந்திருக்கிறார்களே, கொஞ்சம் கைகாலை உதறினால்தான் மரியாதையோ என்று எனக்குத் தோன்றியது. உதறவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சாவியைப் பிடித்தபடி கிடந்தேன். "பாத்தியா, இரும்பு பட்டதும் நின்னுபோச்சி" என்றாள் அக்கா, தானே டாக்டர் மாதிரி. அன்றிலிருந்து நான் பிணைக்க உட்காரும்போது சாம்பல் கிண்ணத்துக்கு ஒரு பக்கம் கத்திரிக்கோல், இன்னொரு பக்கம் அந்தச் சாவி.

வேலூர் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், சாவியைத் தவிர. காலையில் குறைத்து, ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் கூட்டினார். மெல்ல மெல்ல ஒரு இழை ஒரு இழையாகவே தெரிந்தது. கண்ணில் கட்டு அவிழ்ந்தது. தலை கனமும் காலை மந்தமும் தங்கிவிட்டன, அவை வீட்டோடு வந்த விருந்தாளிகள். மனசு அந்த வருஷம் ஏறவில்லை. அடுத்த வருஷமும் ஏறவில்லை. இறங்கியது, ஆனால் எழுந்து தலை சீவ முடிந்தது. இதையும் சொல்ல வேண்டும்: அந்த ஏற்றத்தை நினைத்து நான் ஏங்கியிருக்கிறேன். எல்லா நிறமும் கொஞ்சம் வெளுத்தாற்போல் இருந்த நாட்களில், மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரே ஒரு வாரம் விட்டுப் பார்த்தால் என்ன என்று யோசித்திருக்கிறேன். அப்போதெல்லாம் அந்தக் கத்திரிக்கோலின் சத்தத்தை வேண்டுமென்றே நினைத்துக்கொள்வேன். விழுங்கிவிடுவேன்.

இப்படியே போயிருந்தால் நான் வலிப்புக்காரியாகவே செத்திருப்பேன். ஒரு பகல், பிணைத்துக்கொண்டிருக்கும்போது அக்கா எதிரில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். வந்தவாசியில் அவளுடைய அண்ணன் மகள். பிள்ளை பெற்று இரண்டு மாதம். தூங்குவதில்லை, ஓயாமல் பேசுகிறாள், சிரிக்கிறாள், பிள்ளையைப் பக்கத்தில் விடப் பயமாக இருக்கிறது. அறைக்குள் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

"உன்ன மாதிரி வலிப்புன்னா மருந்து மாத்திர இருக்குது. இது பைத்தியமாச்சே, இதுக்கு எங்க போறது? எங்க அண்ணனுக்கு ஒரே பேஜாரு. மந்திரிக்கக் கூட்டிகினு போறேன்னு சொல்றான்."

நான் இழையை விட்டுவிட்டேன். பூட்டிய அறைக்குள் பேசிக்கொண்டே இருக்கிற பெண்ணை எனக்குத் தெரியும். அவளைப் பார்த்ததில்லை, ஆனால் தெரியும். வாயைத் திறந்தால் நான் இழக்கப்போவது என்ன என்பதும் தெரியும். கை தானாகச் சாவியைத் தேடியது.

"அக்கா, எனக்கு வலிப்பு இல்லீங்க. வந்ததே இல்ல. மாத்திரைதான் வலிப்பு மாத்திரை. எனக்கு இருக்கிறது உங்க அண்ணன் பொண்ணுக்கு இருக்கிறதேதான். அன்னிக்குப் பாவ நெனவோடதான் அறுத்தேன்."

அக்கா அழுகையை நிறுத்தினாள். என் முகத்தைப் பார்த்தாள், பிறகு கீழே பார்த்தாள். குனிந்து, சாம்பல் கிண்ணத்துக்குப் பக்கத்திலிருந்த கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சாவியை எடுக்கவில்லை.

அதை வேண்டுமென்று செய்தாள் என்றுகூடச் சொல்ல மாட்டேன். கொதிக்கிற பாத்திரத்திலிருந்து கை விலகுவதுபோல விலகினாள். எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. அத்தனை வருஷம் அந்தக் கத்திரிக்கோல் என் தொடைக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது. ஒரு நுனிகூடத் தப்பாக வெட்டியதில்லை. அதெல்லாம் வலிப்புக்காரியின் கணக்கில் போய்விட்டது. எழுந்து போயிருக்கலாம். ஆனால் பாவு பாதியில் நின்றது, அதை விட்டுப் போனால் "பார்த்தியா" என்பார்கள். அன்றும் மறுநாளும் மிஞ்சின நுனிகளைப் பல்லால் கடித்தே அந்தப் பாவை முடித்தேன். வாயெல்லாம் சாம்பல். கடைசி இழை முடிந்ததும் சாவிக்கொத்தை அவர்கள் பீரோவின் மேல் வைத்துவிட்டு வந்தேன்.

ஒரு வாரம் கழித்து அக்கா எங்கள் வாசலுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. வேலூர் டாக்டர் எந்தத் தெரு, எந்த நாளில் பார்ப்பார் என்று கேட்டாள். சொன்னேன். மந்திரிக்கப் போகவில்லையா என்று நான் கேட்கவில்லை. என்னைப் பாவு பிணைக்க அவள் மறுபடி கூப்பிடவும் இல்லை.

அதற்கடுத்த மாதம் எங்கள் தறியில் பாவு தீர்ந்தது. வழக்கமாகப் பிணைக்க வருகிற ஆள் ஏதோ சாவுக்குப் போய்விட்டான் என்றார் வீட்டுக்காரர். அவன் காலையில் எங்கள் தெரு வழியாகத்தான் போனான், சட்டை இஸ்திரி போட்டிருந்தான். சாவுக்குப் போகிறவன் மாதிரி இல்லை. நெய்யும்போது காலை இறக்கி மிதி மிதிக்கிற தறிக்குழியின் ஓரத்தில் அவர் உட்கார்ந்து புதுப் பாவின் நுனியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அந்தக் கத்திரிக்கோலு எங்க வெச்சேன்னு தெரியல" என்றார், என்னைப் பார்க்காமல்.

"குழிக்குள்ள. மிதிக்குக் கீழ பள்ளத்துல, பால் டின்னுல."

அவர் நிமிர்ந்தார். "எப்ப பாத்த?"

"நீங்க வெச்ச மறுநாளே. குழியக் கூட்டறது யாரு? நானா நீங்களா?"

அவர் விரலை மடக்கி எண்ணுவது தெரிந்தது. எத்தனை வருஷம். எத்தனை ஏற்றம், எத்தனை இறக்கம். களம்பூரிலிருந்து வந்தது, உப்பு மருந்தில் கை நடுங்கியது, மாத்திரையை விட்டுவிடலாமா என்று நான் உட்கார்ந்திருந்த நாட்கள். அவ்வளவு நாளும் தினமும் காலையில் அந்த டின்னை நகர்த்திக் கூட்டிவிட்டு, மறுபடி அதே இடத்தில் வைத்திருக்கிறேன்.

"எடுத்துகினு வா" என்றார்.

குழிக்குள் இறங்கினேன். காலை மாத்திரையின் கிறுகிறுப்பு இன்னும் போகவில்லை, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டேன். டின்னின் மூடியை அவர் இறுக்கி மூடியிருந்தார், திறக்கக் கொஞ்ச நேரமானது. கத்திரிக்கோலை அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. சாம்பல் கிண்ணத்தை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, டீ குடிக்க வெளியே போனார்.